ரைட்டு டிராக்குல பூமயிலு

உக்காருங்கப்பா, உக்காருங்க. நிக்கிறவுக உக்காருங்க, உக்காந்தவுக வாய மூடுங்க. அந்தா மூலையில கிளுகிளுன்னு சிரிக்கிறது யாரு, சிரிப்புல கொஞ்சம் மிச்சம் வையி தாயி, பெறகு தேவைப்படும். ஒரு கதை கேக்குற நேரம் சும்மா இருங்கன்னா நெளியிறீகளே, நம்ம மைக்செட்டு மாயழகு துவரங்குறிச்சியில வண்டி ஏறி மேலூரு போற வரைக்கும் ஒரு சொல்லு பேசல, தெரியுமா? ஆமாய்யா, அதே மாயழகுதான். ஹலோ ஹலோன்னு காலையில அவன் தொண்டையத் தொறந்தான்னா சுத்துப்பட்டி காக்கா பூரா எந்திரிச்சுப் பறக்குமே, அந்த மாயழகு. கண்டக்டரு மாதிரிப் பேசுவான், எஸ்.ஐ. மாதிரிப் பேசுவான், பந்திக்கு முந்துற பெருசு மாதிரிப் பேசுவான், ஆளில்லாட்டி தூக்கத்துல பேசுவான். அந்த வாய அன்னைக்கு இழுத்துப் பூட்டுனது அவன் பொண்டாட்டி பூமயிலு. அவ ஒரு நாளைக்குப் பேசுறத தீப்பெட்டியில அடைச்சிரலாம், அதுலயும் பாதி காலியா இருக்கும். வண்டிச் சாவிய வாங்குனா, ஸ்டேரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா, அவன் மூஞ்சியப் பாக்காமலே சொன்னா: “மேலூரு வர்ற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்கன்னா ஓரங்கட்டி எறங்கிருவேன். அதுக்கப்பறம் இந்தச் சாவியத் தொட மாட்டேன்.” அம்புட்டுத்தான். வண்டி கெளம்பிருச்சு.

தொட மாட்டேன்னா தொட மாட்டா. அது மாயழகுக்கு நல்லாத் தெரியும், ஒரு தடவ பட்டிருக்கான். போன மாசித் திருவிழாவுல மைக்கப் பிடிச்சுப் பேசிக்கிட்டு இருந்தவன் மைக்கோட சேந்து சரிஞ்சான். மைக்கு அணையல. அவன் பல்லு நறநறன்னு கடிச்சதும் தொண்டை கொர்ருன்னு இழுத்ததும் புளியமரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கரு வழியா ஊருக்கே கேட்டுச்சாம். ஊரு பூரா கேட்டுச்சு, அவன் மட்டும் கேக்கல. இதுவும் அவன் போடுற வேசந்தான்னு சனம் கைதட்டுச்சாம். பூமயிலு ஒருத்திதான் கூட்டத்தப் பிளந்துக்கிட்டு ஓடியாந்து, மொதல்ல மைக்க அமத்திட்டு, பெறகு அவன் தலையத் தூக்கி மடியில வெச்சாளாம். வலிப்புன்னாரு டாக்டரு, மாத்திரை எழுதுனாரு, வருசம் திரும்புற வரைக்கும் ஸ்டேரிங்கத் தொடாதன்னாரு. கூலிக்கு டிரைவர் வெச்சுப் பாத்தான். ஒருத்தன் கல்யாண வீட்டு வாசல்ல வண்டிய விட்டுட்டு அங்கயே பந்தியில உக்காந்தவன் எந்திரிக்கல. இன்னொருத்தன் பாதி வழியில மாமியா வீடு வந்துருச்சுன்னு எறங்கிட்டான். கடைசியில பூமயிலு, “நான் கத்துக்கிறேன்”னா. கத்துக்கிட்டா, லைசென்சும் வாங்கிட்டா. ஊர்ப் பாதையில மொதமொதல்ல இவனப் பக்கத்துல வெச்சு ஓட்டிக்காட்டுன அன்னைக்கு குறுக்க ஒரு கோழி ஓடுச்சு. ஓடுனா ஓடிட்டுப் போகுது. இவன் “பிரேக்க்க்கூ”ன்னு மைக்கு இல்லாமலே மைக்குச் சத்தம் போட்டான். அவ ஸ்டேரிங்க விட்டுட்டா, ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டா. வண்டி அது பாட்டுக்குக் கடலைக் கொல்லைக்குள்ள போயி நின்னுச்சு. கோழிக்கு ஒண்ணும் ஆகல. பூமயிலு எறங்கி, சாவிய இவன் சட்டைப் பையில போட்டுட்டு வீட்டுக்கு நடந்தே போயிட்டா. அன்னைக்குத் தார்ப்பாய்க்குள்ள போன வண்டி. அறுவடை முடிஞ்சு, ஆடிக் கொடைங்க முடிஞ்சு, ஆவணிக் கல்யாண மாசமும் பாதி போயிருச்சு, வண்டி தார்ப்பாய்க்குள்ளயே கெடக்கு, கூப்புட்ட எடத்துக்கெல்லாம் வேற மைக்செட்டுக்காரன் போறான். இன்னைக்கு மேலூருல ஒரு காதுகுத்து. ஸ்பீக்கர்ப் பெட்டியெல்லாம் லோடு ஆட்டோவுல விடியக்காலமே போயிருச்சு. ஆம்ப்ளிஃபயரையும் மைக்கையும் இவன் எவன் கையிலயும் குடுக்க மாட்டான், மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கான். இன்னைக்கும் அவ மனசு உடைஞ்சுச்சுன்னா, வண்டி மறுபடியும் தார்ப்பாய்க்குள்ள. மைக்செட்டும் அதுக்குள்ள. மாயழகும் அதுக்குள்ளயேதான்.

அதனால அவன் என்ன பண்ணான், பெட்டிக்கடையில ஒரு பொட்டலம் கமர்கட்டு வாங்கி பையில போட்டுக்கிட்டான். இடது கன்னத்துல ஒண்ணு, வலது கன்னத்துல ஒண்ணு. பல்லும் பல்லும் ஒட்டிக்கிச்சு. பேசு பாப்பம் இப்பன்னு அவனே அவனுக்குச் சொல்லிக்கிட்டான், மனசுக்குள்ளதான். மனசுக்குள்ள பேசக் கூடாதுன்னு அவ சொல்லலையே. பழைய மாருதி வேனு, சீட்டுக்கு அடியிலதான் இஞ்சின், உக்காந்த எடம் தோசைக்கல்லு மாதிரிக் காயுது, மடியில ஆம்ப்ளிஃபயரு ஐசுக்கட்டி மாதிரிக் குளுருது, மேல குளுரு கீழ சூடு, நடுவுல நான், என்னத்தப் பொழப்போ. பின்னாடி சீட்டுல அவன் அக்கா பவுனம்மா, காதுகுத்து வீட்டுக்குக் கட்டுன பட்டுச்சேலை கசங்கக் கூடாதுன்னு காலை நீட்டி ராணி மாதிரி உக்காந்துருக்கு. நாலுவழிச் சாலையில ஏறுனதும் அக்கா ஆரம்பிச்சுச்சு. “அடி பூமயிலு, என்ன இம்புட்டு அகலமா இருக்கு, இதுல எதுலடி போவ?” பூமயிலு நேரா ரைட்டு டிராக்குக்குப் போனா. போனவ அங்கயே குடியேறிட்டா. ஐம்பதுல. ஐம்பதுக்கு மேல முள்ளு நகரல, கீழயும் எறங்கல. ரைட்டு டிராக்கு வேகமாப் போறவனுக்குல்ல, முந்திட்டு மறுபடி இடப்பக்கம் வந்துரணும்ல, அது தெரியாம ஒருத்தி அதுல குடித்தனம் நடத்துறாளே, அதுவும் எம்பொண்டாட்டி! நாக்கு கமர்கட்ட இடிச்சுக்கிட்டு வருது. முழுங்குனான். ஏன் இவ இங்கயே போறான்னு அவனுக்கு ஓரக்கண்ணுல பாத்ததும் வெளங்கிருச்சு. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரு சொல்லிக் குடுத்த பாடம். “நடுவுல அரளிச் செடி வெச்சிருக்கான்ல, அது ஒங்க வலது முழங்கையத் தொட்டும் தொடாம வருதுன்னு நெனச்சுக்கிட்டுப் போங்கம்மா, வண்டி அங்கிட்டு இங்கிட்டுப் போகாது”ன்னு அந்த மனுசன் சொல்லிருக்காரு. இடப்பக்கம் எம்புட்டு எடம் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, வலப்பக்கம் செடி தெரியுது. அவ அந்த அரளியப் பிடிச்சுக்கிட்டுப் போறா, கெணத்து ஓரத்துல செவத்தப் பிடிச்சுக்கிட்டுப் போறவ மாதிரி. வெள்ளை அரளி, செவப்பு அரளி, வெள்ளை, செவப்பு, நடுவுல நடுவுல காஞ்சு போன குச்சி. குச்சி வந்தா மட்டும் அவ தோளு லேசாத் தூக்குது, அடுத்த பூவு வந்ததும் எறங்குது. அட பாவி மனுசா, மாஸ்டரே, நீ சொன்னது ஓட்டப் பழக, இவ அதக் குலதெய்வ வாக்கா எடுத்துக்கிட்டாளே.

பின்னாடி வந்துட்டான் ஒருத்தன். கண்ணாடியில அவன் வண்டி பெருசாகுது, பெருசாகுது, கண்ணாடி பூரா அவனே. லைட்டப் போட்டு அமத்துறான், போட்டு அமத்துறான். பெறகு ஆரனு. பீப், பீப்பீப், பெறகு கைய எடுக்காம பீஈஈஈஈ. நிமிசத்துக்கு நிமிசம் கோவம் ஏறுறது ஆரன் சத்தத்துலயே தெரியுது, எம்மா எம்மான்னு அழுகுற பிள்ள கடைசியில தரையில விழுந்து பொரளுமே, அந்த மாதிரி. பூமயிலுக்குக் கேக்குதான்னே தெரியல. அரளியப் பாக்குறா. அவன் பொறுத்துப் பாத்துட்டு இடப்பக்கமா வளைஞ்சு வந்தான். இடப்பக்கம் யாரு உக்காந்துருக்கா? மாயழகு. சன்னலுக்குச் சன்னலு சரியா வந்ததும் அந்த ஆளு தலையத் திருப்பி மாயழகப் பாத்து, வாயி கோண, கைய விரிச்சு, “என்னய்யா!”ன்னுட்டுப் போனான். ஓட்டுறது அவ, திட்டு வாங்குறது நான். அடுத்து ஒருத்தன். அவன் கையால தலையில அடிச்சுக்கிட்டான், அவன் தலையிலதான். அடுத்து ஒரு ஆம்னி பஸ்ஸு, பாம்ம்ம்பப்பப்பாம்னு அடிச்சுக்கிட்டு ஒரசுற மாதிரிப் போச்சு, காத்துல வேனு ஒரு ஆட்டம் ஆடி நின்னுச்சு. பஸ்ஸு சன்னல்ல தூங்கிக்கிட்டிருந்த ஒரு ஆளு கண்ணத் தொறந்து மாயழகப் பாத்துட்டு மறுபடியும் தூங்குனான். அவன் ஒருத்தன்தான்யா மனுசன், திட்டாமப் போறான். எல்லாத்துக்கும் மாயழகு கையெடுத்துக் கும்பிட்டான். வாயி அடைச்சிருக்கு, வேற என்னத்தச் செய்ய? மாப்பிள்ளை ஊர்வலத்துல கும்பிடுற மாதிரி இடப்பக்கம் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே வர்றான். பின்னாடி பவுனம்மா, “யாருடா தம்பி, ஒனக்கு வழி பூரா தெரிஞ்சவுகளா இருக்காக”ங்குது. அக்கா, கமர்கட்டு வேணுமா, நீயும் ரெண்டு போட்டுக்க. ஒரு உருண்டைய பின்னாடி நீட்டுனான். வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிச்சு, சாப்புடல.

வெள்ளை, செவப்பு, வெள்ளை. இந்த ரோட்டுல அவன் எத்தனை தடவ போயிருப்பான். இதே எடத்துல, கொட்டாம்பட்டிக்கு முன்னாடி, ஒரு தடவ ஒரு நீலக் காரு ரைட்டு டிராக்குல அம்மி மாதிரி உக்காந்துக்கிட்டு நகரல. இவன் பின்னாடி. லைட்டு, ஆரனு, சன்னலுக்கு வெளிய தலைய நீட்டி ஒரு சத்தம். நானும் இப்பிடித்தான் பீஈஈன்னு அழுதேன். இடப்பக்கமா முந்தும்போது பாக்குறான், உள்ள ஒரு பெரியவரு, ரெண்டு கையும் ஸ்டேரிங்குல, கழுத்து விறைச்சு, இவன் பக்கம் கண்ணத் திருப்பவே இல்ல. அவரு பக்கத்துல ஒரு அம்மா இவனப் பாத்து, கோவப்படல, ஒண்ணும் செய்யல, கைய மட்டும் லேசாக் காட்டுச்சு. போப்பா, போ. அம்புட்டுத்தான். அந்தக் கை ஏன் இப்ப நெனப்புக்கு வருது? அந்த அம்மா வாயிலயும் கமர்கட்டோ என்னமோ. சிரிப்பு வந்துச்சு, சிரிப்பு மூக்கு வழியா வந்தாலும் பூமயிலு சத்தம்னு எடுத்துக்குவாளோன்னு அடக்குனான். அடக்குனதுல தலை லேசா விண்ணுன்னுச்சு. விண்ணுன்னதும் பயம். இது அதுவா? அன்னைக்கும் இப்பிடித்தான் விண்ணுன்னுச்சா? தெரியல. அன்னைக்கி என்ன ஆச்சுன்னு ஊருல எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. இப்ப வந்துச்சுன்னா, பல்லு கடிச்சு, வாயில ரெண்டு கமர்கட்டோட, தொண்டையில போயி அடைச்சா? நான் இழுத்துக்கிட்டுக் கெடந்தா இவ ஸ்டேரிங்க விட்டுட்டுக் காதப் பொத்துவாளா, இல்ல என் தலையத் தூக்க வருவாளா? எது செஞ்சாலும் வண்டி அரளிக்குள்ள போயிரும். வேண்டாம், தூக்க வராத பூமயிலு, நீ ஓட்டு, நீ பாட்டுக்கு ஓட்டு. வலது கன்னத்து உருண்டைய மெதுவா எடுத்து சன்னலுக்கு வெளிய போட்டான். ஒண்ணு போதும். காலையில மாத்திரை போட்டமா? போட்டம். அவதான குடுத்தா, டம்ளரோட வந்து நின்னா, தண்ணி தீர்ற வரைக்கும் நின்னா. மைக்கு வயரு மாதிரி மனசு சுத்திக்கிட்டே கெடக்கு, ஒரு முனையப் பிடிச்சு இழுத்தா எங்கயோ முடிச்சு விழுகுது. பவுனம்மா கொறட்டை விட ஆரம்பிச்சிருச்சு. கொர்ர்ர். ஐயோ அக்கா, அந்தச் சத்தத்த மட்டும் போடாத.

அப்பதான் தூரத்துல ரைட்டு டிராக்குல மஞ்சளா ஒண்ணு தெரிஞ்சுச்சு. லாரியா? லாரிதான். நகருதா, நிக்குதா? குச்சியில ஒரு செவப்புத் துணி கட்டி பின்னாடி சொருகியிருக்கு. அட, தண்ணி டேங்கரு! அரளிக்குத் தண்ணி ஊத்துறவுக வந்துருக்காக. ஒருத்தன் நடந்துக்கிட்டே குழாயால செடிக்குப் பீச்சுறான், லாரி அவன் பின்னாடி ஆமை மாதிரி ஊருது. எந்த அரளிய நம்பி எம்பொண்டாட்டி போறாளோ அதே அரளிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, எந்த டிராக்குல குடித்தனம் நடத்துறாளோ அதே டிராக்குல. பாத்துட்டாளா? ஓரக்கண்ணுல பாத்தான். அவ கண்ணு செடியில இருக்கா, ரோட்டுல இருக்கா, கண்ணாடி போட்ட கண்ணு, தெரியல. டேங்கரு பெருசாகுது. பூமயிலு. ஏ பூமயிலு. சொல்லிரவா? சொன்னா கையை விட்டுருவா. சொல்லாட்டி இடிச்சிருவா. மெதுவாச் சொன்னா? எனக்கு மெதுவாச் சொல்லத் தெரியாதே, பொறந்ததுலருந்து வால்யூம் ஒண்ணுதான. தோளத் தொடலாமா, தொட்டாலும் பதறுவா. டேங்கரு பின்னாடி எழுதிருக்குறது படிக்கத் தெரியுது, போதுமான இடைவெளி விடவும்னு. விடச் சொல்லுதே, விடச் சொல்லுதே! வாயி தொறந்துருச்சுன்னுதான் நெனச்சான். தொறக்கல. இடது பக்கத்துக் கடைவாயில மேல் பல்லும் கீழ் பல்லும் கமர்கட்டுல ஒட்டிக்கிச்சு, ‘ங்’ன்னு ஒரு சத்தம், அதுவும் இஞ்சின் சத்தத்துல அமுங்கிப் போச்சு. ஆம்ப்ளிஃபயரு மூலை தொடையில குத்துது. குத்தட்டும். அப்ப வண்டி மெதுவாச்சு. இன்னும் மெதுவாச்சு. அவ அவசரப்படல, உப்புச் சேந்துருச்சான்னு ருசி பாக்குறவ மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மிதிச்சா. டேங்கருக்கு நல்ல தூரம் பின்னாடி, வேனு நின்னுச்சு. இடப்பக்க லைட்டு டிக்கு டிக்கு டிக்குன்னு கெடந்து அடிக்குது. நின்னுருச்சு. மூச்சு விட்டான். விட்ட மூச்சு வெல்லப்பாகு வாசம் அடிச்சுச்சு.

நின்னாச்சு சரி, போகணும்ல. இடப்பக்கம் போற வண்டியில ஒருத்தன் வழி விடணும்ல. ஒரு பய விடல. லைட்டு டிக்கு டிக்குன்னு கெஞ்சுது, லாரி போகுது, காரு போகுது, கரும்பு ஏத்துன டிராக்டரு கூடப் போகுது. இந்த நேரத்துல பின்னாடி கிரீஈஈச்சுன்னு ஒரு சத்தம். எவனோ பாஞ்சு வந்து, கடைசி நேரத்துல பாத்து, இடப்பக்கமா ஒடிச்சு, சரியா மாயழகு சன்னலுக்குப் பக்கத்துல, போற டிராக்குலயே காரை நிறுத்திட்டான். கண்ணாடி எறங்குச்சு. மீசைக்கார ஆளு, மூஞ்சி பழுத்துருக்கு. “ஏன்யா! இது ரோடா, ஒன் வீட்டு அடுப்படியா? ரைட்டு டிராக்குல கோலம் போடுறீகளா? பொம்பள கையில வண்டியக் குடுத்துட்டு சாமி சிலை மாதிரி உக்காந்துருக்கியே, வாயில என்ன கொழுக்கட்டையா?” கொழுக்கட்டை இல்லய்யா, கமர்கட்டு. மாயழகுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறுச்சு. ஒனக்கு என்னய்யா தெரியும், இவ கடலைக் கொல்லையிலருந்து இம்புட்டுத் தூரம் வந்துருக்காய்யா. ஒம் மீசையப் பிச்சு அந்தக் குச்சியில கட்டிருவேன். என்னென்ன பதிலு வருது, எம்புட்டு அழகழகான பதிலு, ஒவ்வொண்ணும் பொங்கல் விழாவுல மேடையில சொன்னா விசிலு பறக்கும், அம்புட்டும் உள்ளயே கெடந்து வேகுது. அந்தாளு நிறுத்தல. கைய ஆட்டுறான், “லைசென்சு யாரு குடுத்தா”ங்குறான், அவன் பின்னாடி ஒரு பஸ்ஸு நின்னு ஆரன் அடிக்குது, அதுக்குப் பின்னாடி லாரி, அதுக்குப் பின்னாடி இன்னும் என்னென்னமோ, இடப்பக்க டிராக்கு பூரா இந்த மீசையால அடைச்சுப் போச்சு. மாயழகு இப்ப அவனப் பாக்கல. பூமயிலு கையப் பாக்குறான். அந்த ரெண்டு கையும் ஸ்டேரிங்குல இருக்கு. வேர்த்துருக்கு. இப்ப எடுப்பா. சத்தம் கேட்டா எடுப்பாளே, காதுக்குப் போகுமே, போயிருச்சுன்னா முடிஞ்சுச்சு. கல்யாண மோதிரம் வெயில்ல மின்னுது. இடது கை நகந்துச்சு. அம்மா தாயே. நகந்து மேல வரல, கீழ போச்சு. கியரப் பிடிச்சுச்சு. கடக்குன்னு பஸ்ட்டு விழுந்துச்சு.

மீசைக்காரன் திட்டுறதுக்காக நின்னான்ல, அவனுக்கு முன்னாடி இடப்பக்க டிராக்கு காலியா, நம்ம ஊரு கண்மாய் மாதிரி விரிச்சுக் கெடந்துச்சு. அத இந்த அம்புட்டுச் சனத்துல பாத்தது பூமயிலு ஒருத்திதான். அவன் “ஒங்களாலதான்யா”ன்னு இழுத்துக்கிட்டு இருக்கும்போதே, வேனு அவன் மூக்குக்கு முன்னாடி மெதுவா வளைஞ்சு, இடப்பக்கம் சேந்து, டேங்கரத் தாண்டி, போயிருச்சு. தண்ணி ஊத்துற ஆளு குழாய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, ‘போம்மா போ’ன்னு தலைய ஆட்டுனான். மாயழகு கண்ணாடியில பாத்தான், மீசை இன்னும் வாய மூடல, அவன் பின்னாடி பஸ்ஸு டிரைவரு எறங்கி வந்துக்கிட்டு இருக்காரு, திட்டுனவனத் திட்டுறதுக்கு. அடி எஞ்செல்லமே! ஒரு சொல்லு சொல்லல, ஒரு பார்வை பாக்கல, அவன் வாயாலயே வழி பண்ண வெச்சுட்டியே! சிரிப்பு கெளம்பி வயித்துலருந்து வருது, வாயிக்கு வழியில்ல, மூக்குல ஏறி கண்ணுல தண்ணியா வந்துச்சு. துடைச்சுக்கிட்டான். பின்னாடி பவுனம்மா முழிச்சுக்கிச்சு. “என்னடா அழுகுற? என்னடி பூமயிலு, இவன் அழுகுறான்? ஊரு வந்துருச்சா?” “இல்ல மதினி, நீங்க தூங்குங்க”ன்னா பூமயிலு. ரோட்டுல ஏறுனதுலருந்து அவ பேசுன மொதப் பேச்சு அதுதான். குரல் நடுங்கல. அதத்தான் மாயழகு உத்துக் கேட்டான், ஒலிபெருக்கிக்காரன் காது, நடுங்குனா தெரிஞ்சிரும். நடுங்கல.

அதுக்கப்பறம் அவ ரைட்டு டிராக்குக்குத் திரும்பிப் போகவே இல்ல. போற டிராக்கு இதுதான், இதுல போனா எவனும் குரைக்க மாட்டேங்குறான்னு அவளுக்கே பிடிபட்டிருச்சு போல. ஆரனு நின்னுச்சு. என்ன அமைதி, என்ன காத்து. பின்னாடி வந்தவனெல்லாம் வலப்பக்கமா விர்ரு விர்ருன்னு போறான், போறவன் எவனும் இவனத் திரும்பிப் பாக்கல. கும்பிட்டுக் கும்பிட்டு ஓஞ்ச கை மடியில கெடந்துச்சு. கருங்காலக்குடிப் பக்கம் ஒரு லாரி பஞ்சராகி நிக்குது, பின்னாடி பத்தடிக்கு வேப்பங்கொப்பை ஒடிச்சுப் போட்டு ரெண்டு கல்ல வெச்சிருக்காங்க. கொப்பப் பாத்ததும் இவ முன்கூட்டியே லைட்டு போட்டா, கண்ணாடியப் பாத்தா, வலப்பக்கம் ஏறி எறங்குனா, பள்ளத்த ஒதுங்கி நடக்குறவ மாதிரி. இன்னொரு எடத்துல எதுக்கால ஒருத்தன், டூவீலர்ல வைக்கோல் கட்டு, ஆளு தெரியல, வைக்கோலு மட்டும் நம்ம டிராக்குல நம்மள நோக்கி வருது. சுத்திப் போக சோம்பேறித்தனம், நேரா ராங் சைடுல வந்துட்டான். மாயழகு கண்ண மூடுனான். தொறந்தான். வைக்கோலு பின்னாடி போயிருந்துச்சு, ரெண்டு துரும்பு மட்டும் உள்ள வந்து ஆம்ப்ளிஃபயரு மேல ஒட்டியிருந்துச்சு. அவன் அதத் தட்டிவிடல. எம்புட்டுப் பேரு, எம்புட்டு விதமா வர்றான்யா இந்த ரோட்டுல. அம்புட்டுப் பேருக்கும் நடுவுல ஒருத்தி பேசாமப் போயிக்கிட்டு இருக்கா. கழுத்துல இருந்த விறைப்பு எப்ப போச்சுன்னு தெரியல, போயிருந்துச்சு. தலை விண்ணுங்கல. கண்மாய்க்கரைப் பனை, செங்கல் காளவாசல், அந்தப் பக்கம் கல்லு மலை, மேலூரு எறக்கம். ஓட்டிருவா. இனி எங்க கூப்புட்டாலும் போகலாம், நத்தம் கூப்புட்டாலும் போகலாம், சிங்கம்புணரி கூப்புட்டாலும் போகலாம். கமர்கட்டு கரைஞ்சு கடலைப் பருப்பளவு ஆயிருச்சு, கடைசியா இனிச்சுச்சு.

மண்டபத்து வாசல்ல வேனு நின்னுச்சு. மாமன் சீரு இன்னும் வரல, பெட்டிங்க எறங்கி வரிசையா இருக்கு. பூமயிலு சாவியத் திருப்பி எடுத்தா, ஸ்டேரிங்க ஒரு தடவ தொட்டா, எறங்குனா. மாயழகு எறங்குறதுக்குக் கால ஊனுனான், “ஆ”ன்னு வந்துருச்சு, வலது கெண்டைக்காலு கல்லு மாதிரிப் பிடிச்சுக்கிச்சு. உக்காந்தே வந்ததுல மரத்துப் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டு, நொண்டி நொண்டி அவகிட்டப் போனான். இப்பப் பேசலாமா கூடாதான்னு தெரியாம அவ மூஞ்சியப் பாத்தான். பவுனம்மா சேலை மடிப்ப நீவிக்கிட்டே, மண்டபத்துக்கே கேக்குற மாதிரிப் பேசுது: “பாத்தியாடி பூமயிலு, எந்தம்பியா கொக்கா? மேலூரு வர்ற வரைக்கும் பேச மாட்டேன்னா பேச மாட்டான். ஒரு சொல்லு சொன்னானா? எங்க வம்சத்துலயே இப்பிடி ஒரு பொறுமைசாலி கெடையாது!” மாயழகு அக்கா பேச்சக் காதுல வாங்கல. அவன் கண்ணு பூமயிலு கையிலருந்த சாவியிலயே இருந்துச்சு. தொண்டையக் கனைச்சான். பொறந்ததுலருந்து மொதத் தடவ மெதுவாக் கேட்டான்: “திரும்பிப் போறப்ப... நீதான ஓட்டுவ?”

பூமயிலு சாவிய இடுப்புல சொருகுனா.

“நான்தான் ஓட்டுவேன். ஆனா மதினி முன்னாடி உக்காரட்டும், நீங்க பின்னாடி போங்க. வாய மூடச் சொன்னேன், மூடுனீங்க. காலுக்குச் சொல்லாம விட்டுட்டேன். துவரங்குறிச்சியிலருந்து நீங்க தரைய மிதிச்ச மிதிக்கு அங்க ஒரு பிரேக்கு இருந்திருந்தா, நாம இன்னும் கொட்டாம்பட்டியக் கூடத் தாண்டிருக்க மாட்டோம்.”